நல்லகாமனுக்கு வார்த்த குண்டுகள்

இப்பொழுதெல்லாம் மனுசன் சொன்னால் யாரும் நம்புவதில்லை, மிஷின் சொன்னால் நம்புகிறார்கள். ஒத்தக்கடையில் தக்காளி வாங்குகிற இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பழத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்கிற ஆள் கிடையாது. தராசில் சிவப்பாக நம்பர் ஓடுகிறது, நம்பர் நின்றதும் பையை நீட்டுகிறார்கள். பையில் பாதி அழுகல். எடை மட்டும் சரி. எடை சரியென்றால் எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஜெயக்கொடி அம்மா, நீங்கள் நம் கிளப்புக்குச் செயலாளர், தல்லாகுளத்தில் பேர் சொல்கிற வக்கீல். நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுங்கள் என்று ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனீர்கள். நான் படித்தது அஞ்சாப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யாரும் திருத்த வேண்டாம். திருத்துகிறேன் என்று சொல்லி நான் சொல்லாததையும் உள்ளே நுழைத்துவிடுவீர்கள். வக்கீல்களை எனக்குத் தெரியும்.

இதைக் கமிட்டியில் வேறு ஆட்களும் படிப்பார்கள் என்றீர்கள். அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன்.

என் பேர் மொக்கைச்சாமி. வயது எழுபத்தொன்று. முந்தி வீடு வீடாகப் போய்ப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினேன். எவர்சில்வர் வந்ததும் விட்டுவிட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, புகை மிச்சம். பத்து வருசமாக நம் கிளப்பில் குண்டு வார்க்கிறேன். கிளப் என்றால் ஒத்தக்கடை தாண்டி உள்ளே கிடக்கிற பழைய கல்லுக்கிடங்கு. பாறை வெட்டி எடுத்த பள்ளம், மூன்று பக்கமும் கல் சுவர். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் கூடுவார்கள். அம்புட்டுப் பேரிடமும் அந்தக் காலத்துத் துப்பாக்கி, முன்வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிறது. லைசென்ஸ் எல்லாம் உண்டு. இதை வைத்து ஒரு காக்காயைக்கூட யாரும் சுட்டதில்லை. நூறு கஜம் தள்ளி ஒட்டின காகித வட்டத்தில் ஓட்டை போடுவதற்காகக் காரெடுத்து வருகிறார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்ததில்லை.

இந்தத் துப்பாக்கிக்குக் கடையில் குண்டு கிடைக்காது. வார்க்க வேண்டும். ஈயத்தை உருக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து, இரும்பு அச்சில் ஊற்றித் திறந்தால் கட்டைவிரல் தண்டிக்கு, மூக்கு வைத்து ஒரு குண்டு. சொல்வதற்கு அம்புட்டுதான். அச்சு ஆறியிருந்தால் குண்டு கிழவி கன்னம் மாதிரி சுருங்கி விழும். அச்சு மிஞ்சிக் காய்ந்தால் உப்புப் பூத்த மாதிரி வரும். முதலில் விழுகிற பத்துப் பன்னிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சட்டியில் போட்டுவிட வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

நல்லகாமன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சர்வேயர். சர்க்கார் வேலையை விட்டு வெளியே வந்து சொந்தமாக நிலம் அளந்துகொண்டிருந்தார். வாடிப்பட்டியிலிருந்து மேலூர் வரைக்கும் வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கல் ஊன்றிவிட்டால் அண்ணன் தம்பி அரிவாளைத் திரும்பப் பரணில் போட்டுவிடுவார்கள். கண் அம்புட்டு சுத்தம். கிளப்பிலும் அவரை அடிக்க ஆள் இல்லை. சம்சாரம் தவறிவிட்டது, ஒரே மகள் அஸ்வினி கோயம்புத்தூரில். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன்.

ஏழு வருசத்துக்கு முன்னால் ஒரு தை மாசம், சட்டைப்பையிலிருந்து செல்போன் மாதிரி ஒரு தராசை எடுத்து என் ஷெட்டில் வைத்தார். நான் வார்த்து வைத்திருந்த நாற்பது குண்டையும் ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து வைத்து எடுத்தார். பதினொன்றைத் தனியாக ஒதுக்கினார்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இந்தப் பதினொண்ணும் தேறாது."

சொல்லிவிட்டு, பதினொன்றையும் அள்ளி அவர் கையாலேயே என் ஈயச்சட்டிக்குள் போட்டார். அவரைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். காகிதத்தில் குண்டு எங்கே பட்டது என்று பைனாகுலரில் பார்த்துச் சொல்கிற தங்கப்பாண்டியும் நின்றான்.

"என்னண்ணே," என்றான், "சர்வேயர் ஒங்க சட்டிக்கும் கல்லு ஊண்டிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பதினொன்றும் நல்ல குண்டு. சரி, நாலு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்திருக்கும். அது வேறு விஷயம். என் சட்டிக்குள் என்னைக் கேட்காமல் இன்னொருத்தர் கை போடக்கூடாது. காரணம் இதுதான். இதற்குமேல் காரணம் தேட வேண்டாம்.

அடுத்த வாரம் அவரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"தம்பி, நீங்க இம்புட்டு நுணுக்கமா பாக்குறீங்க. பொதுக் குண்டு ஒங்களுக்கு ஆகாது. ஒங்களுக்குன்னு தனியா வார்த்துத் தாரேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கினாரோ என்னவோ. அப்போதிருந்து அவருக்குத் தனிப்பெட்டி.

பெட்டியில் என்ன வைத்தேன் என்று கேட்டீர்கள். வெள்ளீயம் கலந்த ஈயம் லேசு, கலக்காத ஈயம் கனம். கலக்காத ஈயத்தில் வார்த்து, உள்ளே ஒரு மிளகு அளவுக்குக் காற்றை நிறுத்திவிட்டால், கூடின கனமும் குறைந்த கனமும் நேராகிவிடும். அந்த மிளகு நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒண்டியிருக்கும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும். காற்றை எப்படி நிறுத்தினேன் என்று எழுத மாட்டேன். என்ன செய்தாய் என்றுதான் கேட்டீர்கள். எப்படி என்பது என் சொத்து.

நாற்பதையும் எடை போட்டார். நாற்பதும் ஒரே நம்பர்.

"அண்ணே, இதுதாண்ணே வேலை," என்றார். தராசைத் துணியில் துடைத்து உறைக்குள் போட்டார்.

அன்றைக்குப் பத்துச் சுட்டார். கருப்பு வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் காற்று ஒண்டின குண்டு, ஆணி சாய்ந்த பம்பரம் மாதிரி தள்ளாடிக்கொண்டு போகும். நாலு விரல், அஞ்சு விரல் தள்ளிப் போய்ப் படும். பெரிசாக ஒன்றும் இல்லை. காகிதத்தை விட்டு வெளியே போகாது. அப்படிப் போனால் குண்டைச் சந்தேகப்படுவார்கள். நாலு விரல் தள்ளினால் ஆளைத்தான் சந்தேகப்படுவார்கள்.

மூன்றாம் மாசம் ஒரு சங்கடம் வந்தது. என் அச்சில் எள்ளளவு ஒரு பள்ளம் உண்டு, அதனால் ஒவ்வொரு குண்டின் மூக்கிலும் ஒரு மச்சம் விழும். நல்லகாமன் அதைக் கவனித்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு குண்டையும் மச்சம் வானத்தைப் பார்க்கிற மாதிரியே வைத்துக் கெட்டித்தார். எல்லாக் குண்டும் ஒரே மாதிரி உட்கார வேண்டுமாம். அப்படி உட்கார்ந்தால் காற்றும் ஒரே பக்கம் இருக்கும், குண்டும் ஒரே பக்கம் போகும், நாலு வாரத்தில் அவர் குறியை அந்தப் பக்கம் நகர்த்திவிடுவார். ஆள் கெட்டிக்காரர், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

அதனால் ஒவ்வொரு குண்டிலும் காற்றை ஒவ்வொரு பக்கம் வைத்தேன். ஒன்றில் மச்சத்துக்கு இடது, ஒன்றில் வலது, ஒன்றில் நேர் கீழே. அவர் பெட்டியில் இடமிருந்து வலமாகத்தான் எடுப்பார், ஒன்றைத் தாண்டி ஒன்றை எடுக்கமாட்டார். ஆகவே எந்தக் குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது வார்க்கும்போதே எனக்குத் தெரியும். தங்கப்பாண்டியிடம் ஒரு டீ பந்தயம் கட்டி, "அடுத்தது வலது, கீழ," என்பேன். அவன் பைனாகுலரில் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். இருபது டீக்குப் பிறகு பந்தயத்தை விட்டுவிட்டான்.

"ஒங்களுக்கு அருள்வாக்கு இருக்குண்ணே," என்று தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிக் குறி கேட்டான். தை கழியட்டும் என்றேன். கழிந்தது, கல்யாணமும் நடந்தது. சாப்பாடு சுமார்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நல்ல குண்டு யாரும் வார்க்கலாம். சட்டி இருந்து, அச்சு இருந்து, பொறுமை இருந்தால் போதும். நாற்பது குண்டை, நாற்பதும் ஒரே எடையில், ஒவ்வொன்றும் நான் சொன்ன பக்கம் போகிற மாதிரி கெடுப்பதற்கு மதுரை ஜில்லாவில் இன்னொரு ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள். ஏழு வருசம் இந்த வேலையை ஒருத்தருக்கும் காட்ட முடியாமல் இருந்தேன். அந்தக் கஷ்டத்தை யாரும் கேட்கவில்லை.

நல்லகாமன் முதல் வருசம் மருந்தைக் குறை சொன்னார், மாற்றினார். குண்டுக்குத் தடவுகிற தேன்மெழுகைக் குறை சொன்னார், அதையும் மாற்றினார். காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்க வேலியில் ரிப்பன் கட்டினார். இரண்டாம் வருசம் துப்பாக்கியைக் குறை சொன்னார். துப்பாக்கியை நாலு பேர் கையில் எடுத்துப் பொதுக் குண்டு போட்டுச் சுட்டார்கள், வட்டத்துக்குள் பட்டது. அவரையும் அந்தப் பொதுக் குண்டில் ரெண்டு சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அண்ணன் எனக்காக வார்த்தது இருக்கும்போது அதை ஏன் தொடணும் என்றுவிட்டார். மரியாதை தெரிந்த மனுசன். அதற்குப் பிறகு குறை சொல்வதற்கு அவரைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

அதிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை சுட்டு முடித்ததும் என் ஷெட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். உளுந்த வடை நாலு வாங்கிப் பேப்பரில் மடித்து எடுத்து வருவார். எனக்கு மூன்று, அவருக்கு ஒன்று.

"எனக்கு என்னண்ணே ஆச்சு?"

"மூச்ச விட்டுட்டே சுடுறீங்க. பாதி விட்டு நிறுத்துங்க, அப்பறம் சுடுங்க."

அடுத்த வாரம் வருவார். "மூச்ச நிறுத்துனேண்ணே. அப்பயும் போகுதே."

"விரல இழுக்காதீங்க. பிழியணும். எலுமிச்சம்பழம் பிழியிற மாதிரி."

இதெல்லாம் சரியான யோசனை. கமிட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஏழு வருசத்தில் நான் அவருக்கு ஒரு தப்பான வார்த்தை சொன்னதில்லை. குண்டு மட்டும்தான் சரியில்லை.

ஒரேயடியாகக் கெட்டுப்போனால் ஆள் வெறுத்து வராமல் நின்றுவிடுவார். அதனால் மாசத்துக்கு ஒன்று சுத்தமான குண்டாகப் பெட்டிக்குள் வைத்தேன். அது நட்ட நடுவில் போய் உட்காரும். அன்றைக்கு அவரைப் பார்க்க வேண்டும். வெள்ளாட்டங்குட்டி மாதிரி நூறு கஜமும் ஓடிப்போய் ஓட்டையில் விரலை விட்டுப் பார்ப்பார். வடை இருபது பேருக்கும் வரும். "கை திரும்பிருச்சுண்ணே," என்பார். அவர் சந்தோசத்துக்கு என்ன தேவையோ அதை அளந்து கொடுத்தது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரி ஒச்சம்மாளுக்குக் குண்டைப் பற்றி அப்போது தெரியாது. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"என்னய்யா, ஞாயித்துக்கெழம ஆனா மட்டும் வெள்ளச் சட்டையா மாட்டுற. ஈயம் தெறிக்கிற எடத்துக்கு வெள்ளச் சட்டை எதுக்கு? அந்த சர்வேயரு வாராருன்னா?"

"வெளுத்தது அதுதான் இருந்துச்சு," என்றேன்.

"அவரு வராத வாரம் வெளுத்தது இருக்க மாட்டேங்குதே," என்றாள்.

பொம்பளைகளுக்கு எதையாவது எதோடாவது முடிச்சுப் போட வேண்டும். எனக்கு யாரும் வந்து உட்கார வேண்டிய அவசியமில்லை. நான் தனியாக இருந்து பழகினவன்.

நாலாம் வருசம் மூன்று கண்ணாடி மாற்றினார். அப்புறம் கண்ணில் ஆபரேசன். புரை இப்போதுதான் லேசாக ஆரம்பிக்கிறது, அவசரமில்லை என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர்தான் பிடிவாதமாகப் பண்ணிக்கொண்டார், ரெண்டு கண்ணிலும். மகளால் லீவு போட்டு வர முடியவில்லை. கை நடுங்குகிறது என்று அவரே முடிவு பண்ணியிருந்ததால் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். நான் போனேன். காலையில் ஒரு சொட்டு, மத்தியானம் ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு, ஒரு மாசம். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். அண்ணாந்து படுத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி கண்ணை விரித்துக் காட்டுவார். இமையைத் தூக்கிப் பார்த்தால் சுத்தமான கண். அந்த வயசில் அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. கையையும் பார்த்தேன். போர்வையின்மேல் கல்லு மாதிரி கிடந்தது, ஒரு ஆட்டம் இல்லை.

அதற்குப் பிறகு டீயை விட்டார். மோட்டார் சைக்கிளை விட்டார். அழகர்கோவிலில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டார், கூட நானும் போனேன். மொட்டைத் தலையோடு அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மேல இருக்கிற பொம்மையெல்லாம் தெளிவாத்தாண்ணே தெரியுது, அப்பறம் ஏன்?" என்று கேட்டார். சாமியிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? கோவில் தோசை வாங்கிக் கொடுத்தார். நெய் வாசனையோடு நன்றாக இருந்தது.

ஆறாம் வருசம் அளக்கிற வேலையை விட்டார். இதை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் சொல்கிறேன். மேற்கே ஒரு ஊரில் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு முப்பது சென்ட் பிரிக்க வேண்டும். நாலு தடவை அளந்திருக்கிறார். நாலு தடவையும் ஒரே கணக்குத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் கல் ஊன்றவில்லை. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"எங் கண்ணையே நான் நம்பல. அத நம்பி அடுத்தவன் மண்ண எப்படிண்ணே பிரிக்கிறது?" என்று ஷெட்டில் வந்து சொன்னார். கருவிகளையெல்லாம் சாக்கில் கட்டி வைத்துவிட்டார்.

அந்த அண்ணன் தம்பி அப்புறம் வேறு யாரையோ கூட்டி வந்து அளந்து, அதில் சண்டை வந்து, தம்பிக்காரனுக்கு மண்டை உடைந்து எட்டுத் தையல். அதை இதில் சேர்க்கக்கூடாது. அதற்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை.

இந்த வருசம் மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, அடுத்த வாரத்தோட சரி. திங்கக்கெழம துப்பாக்கிய ஒப்படைச்சிர்றேன். லைசென்ஸும் வேணாம். கண்ணும் கையும் போன ஆளு அத வச்சிருக்கக் கூடாது. வீட்ட வித்துட்டு அஸ்வினிகிட்டயே போறேன். அங்க ஒரு ரூம்பு ஒதுக்கிருக்காளாம்."

"கோயம்புத்தூருக்கா?"

"ஆமாண்ணே. ஒங்களத்தான் விட்டுட்டுப் போகணும். இம்புட்டு நாள் நீங்க மட்டுந்தான் என்னயப் பாத்து சிரிக்கல."

அவர் போன பிறகு அடுப்பை அணைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சட்டியில் வெள்ளீயம் கலந்த ஈயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாகப் போகக்கூடாது என்று அடுத்த நாள் காலையில் அதில் பதினொரு குண்டு வார்த்து, பத்தை அவர் பெட்டியில் வைத்தேன். அதற்காக முதல் முப்பதைத் திரும்பச் சட்டியில் போட்டேன். அம்புட்டுதான். மனசு மாறியது, இரக்கப்பட்டேன் என்றெல்லாம் நீங்கள் எழுதிவிடக் கூடாது. ஈயம் மிச்சம் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளப்பே அவரை வழியனுப்ப நின்றது. மாலைகூட வாங்கி வைத்திருந்தீர்கள். பத்துச் சுட்டார். முதல் குண்டு நடுவில். மாசத்துக்கு ஒன்று வருகிறதுதான் என்று யாரும் அசையவில்லை. ரெண்டாவதும் நடுவில். அஞ்சாவதுக்குப் பிறகு தங்கப்பாண்டி நம்பர் சொல்வதை நிறுத்திவிட்டு பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். பத்தும் முடிந்து காகிதத்தை எடுத்து வந்தபோது, நடுவில் ஒரே ஓட்டை, ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.

நான் செய்த தப்பு அதுதான். பத்தில் ஒன்றையாவது கெடுத்திருக்க வேண்டும். கிழவனானால் கை தாராளமாகிவிடுகிறது.

எல்லாரும் அவரைத் தூக்கிக் குதித்தார்கள். நீங்கள் மட்டும் குதிக்கவில்லை. வக்கீல் புத்தி. அவர் பெட்டியின் அடித்தட்டில் பழைய குண்டு ஆறேழு கிடந்தது, அதில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் இருந்த கேரம் போர்டின்மேல் உருட்டினீர்கள். அது இப்படியும் அப்படியும் தலையாட்டிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இன்னொன்றை உருட்டினீர்கள், அதுவும் தலையாட்டியது. பிறகு என் ஷெட்டுக்கு நடந்து போய், நான் வார்த்துப் பெட்டியில் வைக்காமல் விட்ட பதினொன்றாவது சுத்தக் குண்டைக் கொண்டுவந்து உருட்டினீர்கள். அது போர்டின் அந்த ஓரம் வரைக்கும் நேராகப் போய்க் கீழே விழுந்தது. ரம்பம் கேட்டீர்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அறுத்ததும் உள்ளே மிளகளவு பொந்து. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொந்தைப் பார்த்து ஒருத்தராவது, எம்புட்டு சரியான உருண்டை என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அறுத்த குண்டை நல்லகாமன் கையில் வாங்கிப் பார்த்தார். எல்லாரும் கலைந்த பிறகு ஷெட்டுக்கு வந்தார். வடை இல்லை. வழக்கமாக உட்காருகிற டின்னில் உட்கார்ந்தார்.

"எங் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"கையி?"

"கையுந்தான்."

"ஏழு வருசமுமா?"

"ஏழு வருசமும்."

பிறகு கேட்டார். "ஒரு மாசம் சொட்டு மருந்து விட்டீங்களே. அப்பக்கூட ஒங்களுக்குச் சொல்ல வாய் வரலயாண்ணே?"

"மருந்து விடுறப்ப பேசுனா சொட்டு சிந்திரும்," என்றேன்.

சிரித்தார். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எழுந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாரேண்ணே என்று சொல்லவில்லை. ஏழு வருசத்தில் சொல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை துப்பாக்கியை ஒப்படைக்கப் போகவில்லை. சாக்கை அவிழ்த்துக் கருவிகளை வெளியே எடுத்துவிட்டாராம். மேற்கே அந்த அண்ணன் தம்பி நிலத்தை மறுபடி அளந்து கல் ஊன்றிவிட்டார் என்று ஒச்சம்மாள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என்னோடு நாலு நாள் பேசவில்லை. அவருக்கு முந்தி ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம், எல்லாருக்கும் வயசானால் வருகிறதுதான். இனி அவருக்குத் தன் கண்ணைப் பற்றிச் சாகிறவரைக்கும் சந்தேகம் வராது. அதை யார் கொடுத்தது என்று கமிட்டி யோசிக்கட்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளபடி என்று ஆகாது. அந்தப் பதினொரு குண்டும் தேறாததுதான். நாலு இல்லை, பதினொன்றும். அச்சு காய்வதற்கு முன்னால் அவசரப்பட்டு ஊற்றிவிட்டேன். அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னார் என்பதற்காக என் சட்டிக்குள் கை போடலாமா?

கடைசியில் வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், பேனா அந்த இடத்தில் நிற்கிறது. ஏழு வருசமாக ஒருத்தர் பேரில் தனிப்பெட்டி வைத்து, அவருக்கென்று உட்கார்ந்து வார்த்து, அவர் கூடவே ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் போயிருக்கிறேன். கெடுதல் நினைக்கிறவன் இம்புட்டு மெனக்கெடுவானா? நீங்கள் என்னதான் சட்டம் சொன்னாலும் எனக்கு அது விளங்கவில்லை. கிளப்புக்கு வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. ஷெட் சாவியை இந்த நோட்டின்மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறேன். சட்டியும் அச்சும் என்னுடையது, அது வீட்டுக்குப் போய்விட்டது.

நல்லகாமனைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். வீட்டில் வைத்து அவருக்கு நாற்பது குண்டு வார்த்திருக்கிறேன். வேறு ஆளிடம் கொடுத்துவிட மாட்டேன், அவரே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் முப்பத்தொன்பது சுத்தமானது. மிச்சம் ஒன்று எது என்று, வந்து உட்கார்ந்து கேட்டால் சொல்வேன்.